நான்கு சக்கர விசையும் கைப்பிடிக் கம்பியும்

நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சினின் விசை செல்லும்படி அமைந்த மோட்டார் வண்டியை ஜீப் என்ற பெயரால் நம் நாட்டில் யாவரும் அறிவர். கொழுக்குமலை போன்ற தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் கரடுமுரடான பாதையில் ஏறி இறங்குவது அவ்வகை வண்டியே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதே அமைப்பு விவசாயிகளின் பிக்கப் லாரிகளில் பெரிதும் காணப்படுகிறது. பனிக்காலத்தில் மேய்ச்சல் நிலத்து மாடுகளுக்குத் தீவனம் கொண்டு செல்லும் பண்ணைக்காரரும், புயலில் அறுந்த கம்பியைச் சீர்செய்யப் புறப்படும் கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்க ஊழியரும் முன்சக்கரங்களின் துணையை நம்பியே கிளம்புகிறார்கள்.

அத்துணை வேண்டிய நேரத்தில் கிடைக்காமற் போனால் வண்டி சேற்றிலோ பனியிலோ நின்றுவிடும். அவ்வாறு நின்ற வண்டிகளில் பலவற்றை ஆராய்ந்தால் பெரிய பற்சக்கரம் எதுவும் உடைந்திராது. விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருக்கும். அல்லது ஒரு மின்சாரச் சுவிட்சில் துரு ஏறியிருக்கும். இதனால்தான் அந்நாட்டு வண்டிக்காரர் பலர், வெற்றிட இழுப்பாலோ மின்சாரத்தாலோ இயங்கும் அந்த அமைப்பை நீக்கிவிட்டு, கையால் இழுக்கும் கம்பியைப் பொருத்திக்கொள்கிறார்கள். இம்மாற்றம் என்ன, இதனால் வரும் லாபம் எது, நஷ்டம் எது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். நம் அங்கத்தினர்களில் இத்தகைய லாரி வைத்திருப்போர் சிலரே ஆகலாம். எனினும் யந்திரத்தின் ஆணை எவர் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி, சங்கத்தின் பொதுப் பணத்தில் யந்திரம் வாங்கும் யாவருக்கும் உரியது.

முன்சக்கரங்களை ஏன் பிரிக்க வேண்டும்?

இவ்வகை லாரியில் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் ‘டிரான்ஸ்பர் கேஸ்’ என்னும் மற்றொரு பெட்டி உண்டு. இஞ்சினிலிருந்து வரும் விசையைப் பின் ஆக்ஸிலுக்கு மட்டுமோ, முன்னும் பின்னுமாக இரண்டுக்குமோ அனுப்புவது அதன் வேலை. இரண்டுக்கும் அனுப்பும்பொழுது முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன.

வண்டி வளைவில் திரும்பும்பொழுது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. ஆகவே அவை சற்று வேகமாகச் சுழல வேண்டும். இரண்டு ஷாஃப்டுகளும் பூட்டப்பட்டிருக்கையில் அதற்கு இடமில்லை. மண்ணிலும் பனியிலும் சக்கரம் சிறிது வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துவிடும். உலர்ந்த தார்ச் சாலையில் சக்கரம் வழுக்காது; அம்முறுக்கு முழுவதையும் பற்சக்கரங்களும் ஷாஃப்டுகளும் தாங்க வேண்டியதாகும். திருப்புவது கடினமாகும், டயர் தேயும், நாளடைவில் ஏதேனும் ஒன்று முறியும். எனவே நல்ல சாலையில் முன் ஆக்ஸிலுக்கு விசை செல்லாமல் நிறுத்திவைப்பது அவசியம்.

டிரான்ஸ்பர் கேஸில் விசையை நிறுத்தினால் மட்டும் வேலை முடிந்ததாகாது. சாலையில் உருளும் முன்சக்கரங்கள் தம்மோடு இணைந்த ஷாஃப்டுகளையும், நடுவிலுள்ள டிபரன்ஷியல் பற்சக்கரங்களையும் வீணே சுழற்றிக்கொண்டிருக்கும். இதனால் எரிபொருள் சிறிது விரயமாகும், தேய்மானமும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ராணுவ ஜீப்புகள் சாதாரண மக்கள் கைக்கு வந்தபொழுது இக்குறை உணரப்பட்டது. 1948-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்தர் வார்ன் என்பவர் தொழில் தொடங்கி, அந்த ஜீப்புகளின் முன்சக்கரங்களைக் கையால் பூட்டவும் அவிழ்க்கவும் ஏற்ற ஹப்புகளைச் செய்து விற்றார். சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழைத் திருப்பினால் சக்கரம் அச்சுடன் சேரும். மறுபுறம் திருப்பினால் தனியே உருளும். பழைய முறை இதுவே.

கையின் வேலை இழுப்புக்கு மாறிய கதை

மழையிலும் பனியிலும் இறங்கிச் சக்கரத்தருகே குனிவதை எவரும் விரும்புவதில்லை. 1980-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகள், ஓட்டுநர் ஆசனத்தைவிட்டு எழாமலே முன் ஆக்ஸிலைச் சேர்க்கவும் பிரிக்கவும் வழி செய்தன. அதற்கு அவை பெரும்பாலும் கையாண்ட சக்தி வெற்றிட இழுப்பு. நம் மெக்கானிக்குகள் இதை ‘வாக்குவம்’ என்பர்.

பெட்ரோல் இஞ்சின் காற்றை உறிஞ்சும்பொழுது, அதன் உள்வாங்கு குழாயில் காற்றழுத்தம் வெளியிலுள்ளதைவிடக் குறைகிறது. இஞ்சின் மெதுவாக ஓடுகையில் இக்குறைவு ஏறக்குறைய 15 முதல் 20 அங்குலப் பாதரச அளவுக்கு இருக்கும். அங்கிருந்து ஒரு சிறு குழாயை ரப்பர்ச் சவ்வு பொருத்திய டப்பாவுக்குக் கொண்டுபோனால், வெளிக்காற்று சவ்வை உள்ளே தள்ளும். 20 அங்குல இழுப்பு என்பது ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 ராத்தல் அழுத்தத்துக்குச் சமம். சவ்வின் குறுக்களவு 3 அங்குலமாயின் அதன் பரப்பு 7 சதுர அங்குலம். ஆகவே அது 70 ராத்தல் விசையுடன் ஒரு தண்டை இழுக்கும். சிறிய டப்பாவுக்கு இது பெரிய பலம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இப்பலம் எப்போதும் ஒன்றுபோல் இராது. ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தினால் இழுப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். மலைமேல் ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். டீசல் இஞ்சினில் இந்த இழுப்பே இயல்பாக இராது; அதற்கென இஞ்சினால் ஓடும் தனிப் பம்பு வேண்டும். இழுப்பைச் சேமித்துவைக்கச் சிறு கலமும், அது திரும்பி ஓடாதிருக்க ஒருவழி வால்வும் வைக்கப்படுகின்றன. குழாய், கலம், வால்வு, சுவிட்ச், சவ்வு ஆகியவற்றில் எது பழுதானாலும் இழுப்பு போய்ச் சேராது.

டாட்ஜ் லாரியில் நடப்பது

1994 முதல் 2001 வரை வெளிவந்த டாட்ஜ் ராம் பிக்கப் லாரியின் முன் ஆக்ஸில் இதற்கு நல்ல உதாரணம். 1987 முதல் 1995 வரை விற்கப்பட்ட ஜீப் ராங்லரிலும் இதே முறை இருந்தது. டிபரன்ஷியலிலிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் செல்லும் அச்சுகளில் நீளமானது இரு துண்டாக வெட்டப்பட்டிருக்கும். அவ்விரு துண்டுகளின் முனைகளிலும் பற்கள் உண்டு. உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம் ஒரு துண்டின்மேல் மட்டும் நின்றால் அச்சு பிரிந்திருக்கும்; நகர்ந்து இரண்டின்மேலும் அமர்ந்தால் அச்சு ஒன்றாகும். வளையத்தை நகர்த்துவது ஒரு கவை. கவையை நகர்த்துவது வெற்றிட டப்பா.

ஓட்டுநர் கியர்த் தண்டை நான்கு சக்கர நிலைக்குத் தள்ளியதும், டிரான்ஸ்பர் கேஸின் மேலுள்ள வெற்றிடச் சுவிட்ச் திறந்து இழுப்பை டப்பாவுக்கு அனுப்பும். வளையம் அமர்ந்தபின் ஆக்ஸிலிலுள்ள மின்சாரச் சுவிட்ச் ஓட்டுநர் முன்னுள்ள விளக்கை எரியச் செய்யும்.

இனி, குழாயில் ஒரு துவாரம் இருப்பதாகக் கொள்வோம். தண்டு தன் நிலைக்குப் போய்விட்டது. முன் ஷாஃப்டு சுழல்கிறது. ஆயினும் வளையம் நகரவில்லை. டிபரன்ஷியலின் இயல்பு யாதெனில், எப்பக்கம் எதிர்ப்பு குறைவோ அப்பக்கத்தையே சுழற்றுவது. வெட்டப்பட்ட அச்சுத் துண்டு எந்தச் சக்கரத்தோடும் சேராமல் இருப்பதால் அது மட்டும் கிறுகிறுவென்று சுழலும். முன்சக்கரம் இரண்டும் அசையா. விளக்கு எரியாமையே ஓட்டுநருக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. அதைக் கவனியாதவர் பின்சக்கரம் சேற்றில் புதைந்த பிறகே உண்மையை அறிவார்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் எஸ்-10 வகைச் சிறு லாரியில் 1983 முதல் வேறொரு ஏற்பாடு இருந்தது. வெற்றிட டப்பா ஆக்ஸிலில் இல்லாமல் பாட்டரித் தட்டின் கீழே இருக்கும். அங்கிருந்து ஓர் இரும்புக் கம்பி ஆக்ஸிலின் கவையை இழுக்கும். பாட்டரியிலிருந்து கசியும் திராவகம் டப்பாவையும் குழாயையும் அரிப்பதுண்டு. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடைசி வேலையைச் செய்வது அங்கேயும் கம்பிதான். அதன் மறுமுனையைக் கையில் கொடுத்துவிட்டால் வெற்றிடத்துக்கு வேலையே இல்லை.

கம்பி பொருத்தும் முறை

மாற்றத்தின் சாரம் எளிது. ஆக்ஸிலிலுள்ள வெற்றிட டப்பாவையும் அதன் மூடியையும் கழற்றி, கம்பியுடன் இணைந்த கவையைக் கொண்ட வேறு மூடியைப் பொருத்துகிறார்கள். சைக்கிள் பிரேக்குக் கம்பியைப் போல உறைக்குள் ஓடும் தடித்த கம்பி, ஓட்டுநர் முன்னுள்ள ஒரு கைப்பிடியில் வந்து முடிகிறது. இழுத்தால் சேரும், தள்ளினால் பிரியும்.

எளிய வேலையாயினும் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கழற்றுவதற்கு முன் நோய் எது என்று அறிய வேண்டும். கையால் இயக்கும் சிறு வெற்றிடப் பம்பை டப்பாவின் குழாயில் நேரே பொருத்திப் பார்த்தால் கவை நகர்கிறதா என்பது விளங்கும். நகர்ந்தால் டப்பா நல்லது. பழுது குழாயிலோ சுவிட்சிலோ உள்ளது. நான்கணா குழாயை மாற்றினால் தீரும் பிழைக்கு ஆக்ஸிலைத் திறப்பது வீண் செலவு. கவையே வளைந்தோ, வளையத்தின் பற்கள் மழுங்கியோ இருந்தால், கம்பியும் அதைக் குணப்படுத்தாது.

இரண்டாவது, கம்பி செல்லும் வழி. புகைபோக்கியின் சூட்டுக்கும் ஸ்டியரிங் தண்டுகளுக்கும் அது விலகியிருக்க வேண்டும். பள்ளத்தில் ஆக்ஸில் தாழும்பொழுதும் மேட்டில் உயரும்பொழுதும் கம்பி இழுபடாதபடி நீளம் விட வேண்டும். கூர்மையான வளைவு கூடாது. தகட்டைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் வைக்காவிட்டால் உறை அறுந்து நீர் புகும். குளிர் நாட்டில் அந்நீர் உறைந்து கம்பியைப் பூட்டிவிடும்.

மூன்றாவது, கழற்றிய வெற்றிடக் குழாயை அதன் தொடக்கத்திலேயே காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். திறந்துவிட்டால் இஞ்சின் வேண்டாத காற்றை உறிஞ்சித் தடுமாறும். அதே இழுப்பால் இயங்கும் பிற சாதனங்களும் வலுவிழக்கும்.

நான்காவது, யாவற்றிலும் முக்கியமானது, கம்பியின் நீளத்தைச் சரிபார்ப்பது. சேரும் நிலையிலும் பிரியும் நிலையிலும் வளையம் முழுதும் நகர வேண்டும். பாதி அமர்ந்த வளையம், அமராத வளையத்தைவிடக் கெடுதலானது. பற்களின் நுனி மட்டும் தொட்டுக்கொண்டு, பாரம் ஏறியவுடன் நழுவி மழுங்கும். வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, முன்சக்கரத்தைக் கையால் சுழற்றி இரு நிலைகளையும் சோதித்த பின்னரே சாலைக்கு விட வேண்டும். விளக்கை எரியவிடும் பழைய மின்சாரச் சுவிட்சையும் பயன்படுத்த முடியுமாயின் விடக்கூடாது. கை சொல்வதைக் கண் உறுதிசெய்வது நல்லது.

இயக்கும் முறையும் மாறுகிறது. வண்டியை நிறுத்தி, கைப்பிடியை இழுத்து, டிரான்ஸ்பர் கேஸின் தண்டைத் தள்ளி, மெல்ல நேர்க்கோட்டில் நகர்த்த வேண்டும். பற்கள் எதிரெதிர் நின்றால் உடனே அமரா. சிறிது உருண்டதும் அமர்ந்துவிடும். சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கையில் கைப்பிடியை இழுப்பது பற்களை நாசம் செய்யும்.

மின்சாரக் குமிழ் உள்ள வண்டி

1999-ல் வெளிவந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி லாரிகளில் சிலவற்றிற்குத் தண்டே இல்லை. ஓட்டுநர் முன்னுள்ள குமிழைத் திருப்பினால் டிரான்ஸ்பர் கேஸின்மேலுள்ள மின்சார மோட்டார் வேலை செய்யும். சக்கர ஹப்புகளை வெற்றிட இழுப்பு பூட்டும். தொழிற்சாலையார் அந்த ஹப்புகளின் முகத்திலேயே கையால் திருப்பிப் பூட்டும் குமிழையும் வைத்தனர். இழுப்பு தவறினால் இறங்கிக் கையால் பூட்டலாம். இவ்விரட்டை வழி மிகவும் பாராட்டத்தக்கது. பலர் வெற்றிட ஹப்பை அறவே நீக்கி, கையால் மட்டும் பூட்டும் ஹப்பைப் பொருத்துகிறார்கள். இது அரை நாள் வேலைக்கு மேற்படாது.

டிரான்ஸ்பர் கேஸிலுள்ள மோட்டாரை நீக்கித் தண்டு பொருத்துவது அவ்வளவு எளிதன்று. சில வகைப் பெட்டிகளில் உட்புறத் தண்டை அதன் நிலையில் பிடித்து நிறுத்துவது அந்த மோட்டாரே. மோட்டாரை எடுத்துவிட்டால், பிடிமானம் இன்றித் தண்டு தானே நழுவும். வேறு சிலவற்றில் ஓடும்பொழுதே சேர்ப்பதற்கென்று உள்ளே மின்காந்தக் கிளட்ச் உண்டு. இத்தகைய வண்டிகளுக்கு அதே மாதிரியின் கைத்தண்டுப் பெட்டியை முழுதாக மாற்றுவதே பத்திரமான வழி. மேலும், பிற்கால வண்டிகளில் பிரேக்கையும் சறுக்கலையும் கவனிக்கும் மின்னணுச் சாதனம், முன் ஆக்ஸில் எந்நிலையில் உள்ளது என்ற செய்தியை எதிர்பார்க்கிறது. அச்செய்தியை அறுத்துவிட்டால் வேறு பழுதுகள் முளைக்கும். அங்கே கம்பியைத் தேடுவதைவிடக் குழாயைப் புதுப்பிப்பதே மேல்.

தவறினால் எப்பக்கம் விழும்?

இங்கே அங்கத்தினர்கள் மனத்திற்கொள்ள வேண்டிய ஒரு தத்துவம் உண்டு. 2004 முதல் வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டியில் வெற்றிடத்தின் வேலை தலைகீழாக அமைந்தது. அங்கே இழுப்பு உள்ளவரை ஹப்பு பிரிந்து நிற்கும்; இழுப்பு போனால் உள்ளிருக்கும் வில் ஹப்பைச் சேர்த்துவிடும். அதாவது, சாதனம் தவறினால் வண்டி நான்கு சக்கரப் பக்கமாகவே விழும். சேற்றில் நிற்பவருக்கு இது சாதகம். ஆனால் இழுப்பு பாதி குறைந்து நல்ல சாலையில் ஓடுகையில், பற்கள் அரைகுறையாக உரசி இரைச்சலிட்டுத் தேய்ந்துவிடும்.

ஒவ்வொரு சாதனமும் ஏதேனும் ஒரு நாள் தவறும். தவறும் நாளில் அது நம்மை எப்பக்கம் விட்டுச் செல்லும் என்பதே அறிவுடையோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. டாட்ஜ் அமைப்பு தவறினால் ஓட்டுநரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சூப்பர் டியூட்டி ஹப்பு தவறினால் கையாலாவது திருப்பலாம். கம்பி தவறினால் அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியும்.

நஷ்டமும் உண்டு

கைக்கம்பி எல்லாவற்றுக்கும் மருந்தன்று. ஓடிக்கொண்டே சேர்க்கும் வசதி போய்விடுகிறது. யந்திரம் நினைவில் வைத்திருந்ததை மனிதன் நினைவில் வைக்க வேண்டும். பலர் மாறி மாறி ஓட்டும் வண்டியில் ஒருவர் இழுத்துவிட்டு மறந்தால், மற்றவர் அறியாமல் ஓட்டுவார். ஆகையால் கைப்பிடிக்கு அருகே அதன் நிலையையும் முறையையும் எழுதி ஒட்டுவது அவசியம். உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியில் கைவைத்தால் அவ்வுரிமையை இழக்கவும் நேரலாம்.

கம்பியும் வேண்டாம் என்று வளையத்தைச் சேர்ந்த நிலையிலேயே நிரந்தரமாக நிறுத்திவிடுவோரும் உண்டு. டிரான்ஸ்பர் கேஸில் விசையை நிறுத்திவிட்டால் சாலையில் ஓடுவதற்குத் தடையில்லை. முன் ஷாஃப்டு மட்டும் ஓயாது சுழலும். எரிபொருள் சிறிது கூடும். இணைப்புகள் தேய்ந்திருந்தால் அதிர்வு தோன்றும். 2003-ல் வந்த டாட்ஜின் கனரகப் பிக்கப்புகளில் தொழிற்சாலையாரே அச்சை வெட்டாமல் முழுதாக விட்டனர் என்பதை நோக்கினால், இதுவும் தள்ளத்தக்க வழியன்று என்பது புலப்படும்.

சங்கங்களுக்கு ஒரு யோசனை

கைத்தறி நெசவாளர் இத்தத்துவத்தை நெடுநாளாக அறிவர். மிதிகட்டையின் கயிறு அறுந்தால் அவர் குனிந்து முடிச்சிட்டு வேலையைத் தொடர்வார். கயிற்றின் இடத்தில் மின்சாரப் பெட்டி வருவதால் வேகமும் நுட்பமும் கூடலாம். அவற்றை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பெட்டி நின்ற நாளில் வேலை முழுதும் நிற்குமா, கையால் தொடர வழியுண்டா என்று வாங்கும் முன்னரே கேட்க வேண்டும் என்றே சொல்கிறோம்.

சங்கத்தின் சரக்கு வண்டியாயினும், பம்புசெட்டாயினும், தறிச் சாதனமாயினும், நிர்வாகக் குழுவினர் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொண்டு பிறகு கையெழுத்திடுவது நலம். இது தவறினால் எந்நிலையில் நிற்கும்? நம் ஊரிலுள்ள ஒருவரால் இதைத் திறந்து பார்க்க முடியுமா? கையால் இயக்க ஒரு வழி இருக்கிறதா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் புதுமையைத் தயங்காமல் ஏற்கலாம். விடை கிடைக்காவிடில், வாங்குவதற்கு முன்பே அக்கம்பிக்கும் கைப்பிடிக்கும் ஆகும் செலவைக் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறுவடை காத்திராது, சந்தையும் காத்திராது. அந்நாளில் பழுதை நீக்கக் கற்றுக்கொள்வதைவிட இன்றே கற்பது சிக்கனம்.